கடை திறக்கும் வரையில்



பேரிடர் என்றவுடன் வெள்ளம், தீ, கொள்ளைநோய் ஆகியவையே நம் கண்முன் வந்து நிற்கின்றன. அவற்றின் பின்னால் ஓசையின்றி வருகின்ற இன்னொரு துன்பத்தை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. கடைக்குப் போனால் அரிசி இல்லை. குழந்தைக்குப் பால்மாவு இல்லை. கையில் பணம் இருந்தும் வாங்குவதற்குப் பொருள் இல்லை. நாட்டில் பொருளே இல்லாமல் போய்விட்டதா என்றால், அப்படியில்லை. எங்கோ ஒரு கிடங்கில் அது குவிந்து கிடக்கிறது. அந்தக் கிடங்குக்கும் நம் வீட்டு அடுப்புக்கும் இடையே உள்ள வழிதான் அறுந்து போயிருக்கிறது. இதனையே விநியோகச் சங்கிலி அறுபடுதல் என்கிறோம்.

அறுந்த சங்கிலியை மீண்டும் இணைப்பதில் கோயில் குழு, சூராவ் குழு, குடியிருப்பாளர் சங்கம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் போன்ற சிறு அமைப்புகளுக்குப் பங்கு உண்டா? உண்டு என்பதே என் கருத்து. ஆனால், அந்தப் பங்கு பொருள் திரட்டிக் கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. எப்போது கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும், எப்போது கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று அறிவதும் அதில் அடங்கும். இதனை ஆசிரியர்களும் பெற்றோர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

குப்பைக்குப் போன முட்டைக்கோசு

2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அடுத்த சில நாள்களில் இரண்டு செய்திகள் ஒருங்கே வெளிவந்தன. நகரங்களில் மக்கள் காய்கறிக்காகப் பேரங்காடிகளில் நீண்ட வரிசையில் நின்றனர். கேமரன் மலையிலோ, விற்க வழியில்லாத காய்கறிகளை விவசாயிகள் கொட்டி அழித்தனர். ஒரே நாட்டில், சில மணி நேரப் பயணத் தொலைவில், ஒரு பக்கம் பற்றாக்குறை, மறுபக்கம் வீண்.

காரணம் என்ன? கேமரன் மலை முட்டைக்கோசு நம் வீட்டுக்கு வரும் வழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். விவசாயியிடமிருந்து இடைத்தரகர் வாங்குகிறார். லோரி ஏற்றி வருகிறது. மொத்தச் சந்தையில் இறங்குகிறது. அங்கிருந்து உணவகங்களுக்கும், இரவுச் சந்தைக்கும், மளிகைக் கடைகளுக்கும் பிரிகிறது. ஆணை வந்தபோது இரவுச் சந்தைகள் மூடப்பட்டன. உணவகங்களில் அமர்ந்து உண்ண அனுமதியில்லை. மொத்தச் சந்தைகளின் இயக்கமும் கட்டுப்படுத்தப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கே கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு வந்தது. விளைச்சலும் குறையவில்லை, பசியும் குறையவில்லை. நடுவிலிருந்த கண்ணிகள் கழன்றுவிட்டன.

அப்போது பல அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் குடியிருப்பாளர்கள் ஒன்று செய்தனர். புலனக் குழுவில் பெயர் எழுதி, 20 வீடு, 30 வீடு என்று சேர்ந்து, மலையிலிருந்து நேரடியாகக் காய்கறிப் பெட்டிகளை வரவழைத்தனர். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி என்றால் எந்த லோரியும் வராது. 30 பெட்டி என்றால் வரும். தனித்தனியே சிதறிக் கிடந்த தேவையை ஒன்றாகக் கட்டி, லோரி ஏற்றிவரத்தக்க அளவாக மாற்றியதே அவர்கள் செய்த பணி. அவர்கள் யாருக்கும் தருமம் செய்யவில்லை. காசு கொடுத்துத்தான் வாங்கினர். ஆயினும், அறுந்த கண்ணி ஒன்று அங்கே இணைந்தது.

யாருக்குத் தேவை என்னும் செய்தி

அதே 2020 மார்ச்சில் எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் 'கித்தா ஜாகா கித்தா' என்னும் இணையத்தளத்தைத் தொடங்கினார். உதவ விரும்புவோரையும் உதவி தேவைப்படும் அமைப்புகளையும் ஓரிடத்தில் இணைப்பதே அதன் நோக்கம். பின்னர் 2021 சூன் இறுதியிலும் சூலையிலும், கடுமையான முடக்கத்தின்போது, வெள்ளைக்கொடி இயக்கம் பரவியது. உணவில்லாத வீட்டார் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும். அக்கம்பக்கத்தார் வந்து கேட்பர். மனு எழுத வேண்டியதில்லை. அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அந்த வெள்ளைத் துணி சொன்ன பாடம் பெரிது. நெருக்கடியில் முதலில் காணாமல் போவது செய்தி. எந்த வீட்டில் எது இல்லை என்பது கிடங்கு வைத்திருப்பவருக்குத் தெரியாது. நான்கு வீடு தள்ளி இருப்பவருக்குத்தான் தெரியும்.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் கையில் உள்ள வகுப்புப் பதிவேட்டை நாம் வெறும் வருகைக் கணக்காகப் பார்க்கிறோம். ஆனால், ஒரு வகுப்பாசிரியருக்குத் தெரிந்தவற்றை எண்ணிப் பாருங்கள். எந்த மாணவனின் வீட்டில் கைக்குழந்தை உண்டு, யாருடைய பாட்டி நீரிழிவுக்கு மருந்து உண்கிறார், எந்தப் பிள்ளை இழைப்பு நோய்க்கு மூச்சுமருந்து பயன்படுத்துகிறது, எந்தத் தந்தை நாட்கூலி, எந்தத் தாய் கேட்கவே கூச்சப்படுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்த அரசாங்கத் துறையிடமும் இவ்வளவு நுண்ணிய செய்தி இல்லை.

2021 டிசம்பர் வெள்ளம்

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலமில் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. உலு லங்காட்டிலும் பகாங்கின் சில ஊர்களிலும் பெருஞ்சேதம். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பின் மதிப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளியியல் துறை பின்னர் அறிவித்தது. கூரைமேல் காத்திருந்த பலரை மீட்டவர்கள், சொந்தமாகப் படகு கொண்டு வந்த பொதுமக்கள்.

பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் அந்நாள்களில் நடந்ததைப் பலரும் அறிவர். சீக்கியர், மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று வேறுபாடின்றி நூற்றுக்கணக்கானோர் கூடி, ஆயிரக்கணக்கான உணவுப் பொட்டலங்களைக் கட்டினர். அங்கே சமைத்தது மரக்கறி உணவு. ஆகவே, யார் வீட்டுக்குக் கொண்டு சென்றாலும் தயக்கமின்றி உண்ணலாம். பெரிய அடுப்பும் பெரிய பாத்திரங்களும் ஏற்கெனவே அங்கு இருந்தன. ஒவ்வொரு நாளும் பலருக்குச் சமைத்துப் போட்ட பழக்கம் இருந்தது. பேரிடர் வந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவாகவே இருந்தது.

நான் பணிபுரியும் தமிழ்ப்பள்ளியின் மாணவர்கள் பலருடைய வீடுகளிலும் அந்த வெள்ளம் புகுந்தது. அது பள்ளி விடுமுறைக் காலம். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் மேட்டு நிலத்திலிருந்த ஒரு கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கி, அங்கே பணியைத் தொடங்கினர். நானும் அக்குழுவில் இருந்தேன்.

முதல் மூன்று நாள் சமைத்த உணவே தேவைப்பட்டது. அடுப்பு, எரிவாயுத் தோம்பு, பாத்திரம் எல்லாம் சேற்றில் கிடந்த வீட்டுக்கு 10 கிலோ அரிசியைக் கொடுத்து என்ன பயன்? நான்காம் நாள் நீர் வடிந்ததும் தேவை மாறியது. துடைப்பம், மண்வெட்டி, வாட்டர் ஜெட், பிளீச், கையுறை என்று கேட்டனர். அடுத்த வாரம் அடுப்பும் மெத்தையும். அதன்பின் உலர் உணவு. பள்ளி திறக்கும் நேரத்தில் சீருடை, காலணி, புத்தகப்பை. தேவை இவ்வாறு நாளுக்கு நாள் மாறியது. ஆனால், முதல் நாள் புலனத்தில் அனுப்பிய 'உணவு தேவை' என்னும் செய்தி மட்டும் பத்தாம் நாளிலும் மாறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது!

பழைய துணிகள் வேறு வந்து குவிந்தன. கோயில் மண்டபத்தின் ஒரு மூலை கூரை வரை நிறைந்தது. அவற்றைப் பிரித்து அடுக்க ஆறு பேர் இரண்டு நாள் உழைத்தனர். அந்த ஆறு பேரும் அந்த இரண்டு நாளில் எத்தனை வீட்டுச் சேற்றை அள்ளியிருக்கலாம்! கொடுத்தவர்களைக் குறை கூறவில்லை. நல்ல மனத்தோடுதான் கொடுத்தனர். ஆனால், கேளாமல் வந்து சேரும் பொருளும் வழியை அடைக்கும் என்பதை அங்கே கண்டோம்.

இதற்கு ஒரு மாற்று வழியை வேறொரு நாட்டார் செய்து காட்டியுள்ளனர். 2012 அக்டோபர் இறுதியில் நியூயார்க் பகுதியைச் சேண்டி புயல் தாக்கியபோது, 'ஒக்குப்பை சேண்டி' என்னும் தொண்டர் குழுவினர் அமேசான் நிறுவனத்தின் திருமணப் பரிசுப் பட்டியலைப் பயன்படுத்தினர். மணமக்கள் தங்களுக்கு வேண்டிய பரிசுகளைப் பட்டியலிடும் வசதி அது. தொண்டர்களோ அதில் கம்பளி, கைவிளக்கு, துப்புரவுப் பொருள் என்று தேவையானவற்றை எழுதினர். எங்கிருந்தோ ஒருவர் வாங்கினால், பொருள் தேவாலயத்தில் இயங்கிய மையத்துக்கு நேரே வந்து சேரும். பட்டியலில் அதன் எண்ணிக்கையும் குறையும்.

எங்களிடம் அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆசிரியை ஒருவர் கணினியில் ஓர் அட்டவணை போட்டார். வீட்டு எண், ஆள் எண்ணிக்கை, கைக்குழந்தை, மருந்து, இன்றைய தேவை, கொடுத்த நாள். அவ்வளவுதான். அதன் பிறகே ஒரே வீட்டுக்கு நான்கு மூட்டை அரிசியும் பின்தெருவில் ஒரு வீட்டுக்கு ஒன்றுமே இல்லாததும் கண்ணில் பட்டன. ஒவ்வொரு மாலையும் பழைய செய்தியை அழித்துவிட்டு, 'இன்று இவை போதும். நாளை இவை தேவை' என்று புதிய செய்தி அனுப்பினோம். அதன்பின் வீண் வருகை குறைந்தது.

கடைக்கார அக்கா கேட்ட கேள்வி

மூன்றாம் வாரம் நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

அந்தக் குடியிருப்பில் ஒரு சிறிய மளிகைக் கடை உண்டு. அதனை நடத்துபவரை எல்லாரும் 'கடைக்கார அக்கா' என்றே அழைப்பர். வெள்ளத்தில் அவருடைய சரக்கு முழுவதும் போயிற்று, குளிர்பெட்டி பழுதாயிற்று. வாடிக்கையாளர்களின் கடனைக் குறித்து வைத்திருந்த 555 புத்தகங்களும் ஊறிக் கூழாயின. ஆனால், ஒன்று நடந்தது. பலர் தாமாகவே வந்து, "அக்கா, நான் உங்களுக்கு 80 வெள்ளி தர வேண்டும்", "எனக்கு 35 இருக்கும்" என்று சொல்லிச் சென்றனராம். இதை அவர் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

அவர் என்னைத் தேடி வந்தது இதைச் சொல்வதற்காக மட்டும் அன்று. "சார், நீங்கள் எல்லாரும் செய்வது பெரிய புண்ணியம். நான் குறை சொல்லவில்லை. ஆனால், இன்னும் எத்தனை நாளைக்கு இலவசமாக அரிசி, சீனி, எண்ணெய் கொடுப்பீர்கள்? அது தெரிந்தால்தான் நான் சரக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். இப்போது எடுத்தால் யார் வாங்குவார்கள்?" என்று கேட்டார்.

அன்றிரவு குழு கூடியது. எங்கள் கையில் கொஞ்சம் பணம் மீதமிருந்தது. பேரங்காடியில் மொத்தமாக அரிசி வாங்கி இன்னொரு சுற்றுக் கொடுப்பது என்பதே அதுவரை இருந்த திட்டம். கடைக்கார அக்காவின் கேள்வியை நான் அங்கே வைத்தேன். கருத்துகள் பிரிந்தன.

"நாம் கடைக்காரருக்கு உதவ வரவில்லை, பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உதவ வந்தோம்" என்றார் ஒரு தந்தை. "பேரங்காடியில் ஒரு மூட்டைக்கு இரண்டு வெள்ளி குறைவு. பொதுமக்கள் கொடுத்த பணத்துக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டாமா?" என்றார் பொருளாளர். இரண்டுமே நியாயமான பேச்சுதான்.

ஓர் அம்மா எழுந்து சொன்னார்: "அந்தக் கடை மூடிவிட்டால், வண்டி இல்லாத நாங்கள் ஒரு தேங்காய் வாங்குவதற்கும் கிராப் பிடித்துப் போக வேண்டும். மாதக் கடைசியில் கடன் சொல்லி வாங்க எந்தப் பேரங்காடி விடும்?"

இந்தப் பேச்சுக்குப் பிறகு சிறிது நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முடிவில், 40 குடும்பங்களுக்கு ஆளுக்கு 50 வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டு கொடுப்பது என்று முடிவாயிற்று. அங்கிருந்த இரண்டு சிறு கடைகளில் மட்டும் அது செல்லும். சிகரெட்டுக்கும் மதுவுக்கும் செல்லாது. மொத்தம் 2,000 வெள்ளி. அதில் பாதியைக் கடைக்காரர்களிடம் முன்பணமாகக் கொடுத்தோம். அந்தப் பணத்தைக் கொண்டு அவர்கள் மொத்த வியாபாரியின் பழைய பாக்கியில் ஒரு பகுதியை அடைத்துப் புதிய சரக்குக் கேட்டனர்.

அப்போதுதான் இன்னொரு தடை தெரிந்தது. சரக்கு லோரி அந்தத் தெருவுக்குள் வர மறுத்தது. இருபுறமும் வீடுகளிலிருந்து வெளியேற்றிய மெத்தையும் நாற்காலியும் அலமாரியும் மலைபோல் குவிந்திருந்தன. லோரி திரும்ப இடமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் நடந்தது. சூராவ் இளைஞர்களும் எங்கள் பெற்றோர்களும் சேர்ந்து, கடைக்குச் செல்லும் அந்த ஒரு தெருவை மட்டும் முதலில் ஒழுங்குபடுத்தினர். திங்கட்கிழமை லோரி வந்தது.

பற்றுச்சீட்டு பெற்றவர்கள் என்ன வாங்கினர் என்று பின்னர் கடைக் கணக்கில் பார்த்தேன். சிலர் அரிசி வாங்கியிருந்தனர். பலர் வாங்கியவை நாங்கள் எண்ணியே பாராதவை. குறிப்பிட்ட வகைப் பால்மாவு, பேம்பர்ஸ், கொசுவர்த்தி, சாமி விளக்குக்கு எண்ணெய், மகளின் தலைக்கு எண்ணெய். எங்கள் பொட்டலத்தில் இவற்றுள் எதுவும் இருந்ததில்லை. எல்லாருக்கும் இந்த ஏற்பாடு பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நடக்க இயலாத முதியவர்கள் இருந்த இரண்டு வீட்டார் பொருளாகவே கேட்டனர். அவர்களுக்குப் பிள்ளைகள் மூலம் கொடுத்தனுப்பினோம். பொருளாளர் கடைசிவரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் கணக்கை ஒரு சென் பிசகாமல் எழுதிக் கொடுத்தார்.

நம் எல்லை எது?

அமுதசுரபி நம் கையில் இல்லை. ஊர்மட்டக் குழுக்களால் எல்லாம் முடியும் என்று பேசுவது ஆபத்து. 2014 டிசம்பரில் கிளந்தானைப் பெருவெள்ளம் தாக்கியபோது நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருந்தவர்கள் சேற்றிலும் காட்டுவழியிலும் பொருள் கொண்டு சென்றனர். அது போற்றத்தக்க பணி. ஆனால், வெள்ளம் அடித்துச் சென்ற கெமுபு இரயில் பாலத்தை அவர்களால் கட்ட முடியாது. அந்தப் பாதை முழுமையாக மீள்வதற்கு 2018 வரை ஆயிற்று. பாலமும் வடிகாலும் நீரிறைப்பு நிலையமும் அரசாங்கத்தின் கடமை. நம் குழுக்களின் உழைப்பைக் காட்டி அந்தக் கடமை தட்டிக்கழிக்கப்படக் கூடாது. பெரிய பாதை மீளும் வரையில் சிறிய பாதையைத் திறந்து வைப்பது நம் வேலை. பெரிய பாதை வந்து சேரும்போது அதை வாங்கி விற்பதற்குக் கடையொன்று உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் நம் வேலையே.

பள்ளிகள் இப்போதே செய்யத்தக்கவை

நான் கண்டவற்றைக் கொண்டு சிலவற்றை முன்வைக்கிறேன்.

1. வகுப்புவாரியாக அவசரத் தொடர்புப் பட்டியல் ஒன்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரின் இசைவோடு தொகுக்கலாம். கைக்குழந்தை, முதியோர், அன்றாட மருந்து ஆகியவை அதில் இருக்கட்டும். அதனை இருவர் மட்டுமே வைத்திருக்க வேண்டும். புலனக் குழுவில் போடுதல் கூடாது.

2. பெற்றோரில் யாரிடம் லோரி, வேன், படகு, பெரிய அடுப்பு, மின்னாக்கி உண்டு என்று கேட்டு எழுதி வைக்கலாம்.

3. அருகிலுள்ள சூராவ், தேவாலயம், சீனர் கோயில், குடியிருப்பாளர் சங்கம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களை அமைதிக் காலத்திலேயே ஒருமுறை சந்தித்துப் பேசலாம். வெள்ளத்தின் நடுவில் அறிமுகம் செய்துகொள்ள நேரமிராது.

4. பள்ளியைச் சுற்றியுள்ள சிறு கடைக்காரர்களிடம், அவர்களுடைய சரக்கு எங்கிருந்து, எந்த வழியாக, எந்த நாளில் வருகிறது என்று கேட்டு வைக்கலாம். முதலில் எந்தத் தெருவைத் திறக்க வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

5. இலவச விநியோகம் தொடங்கும் நாளிலேயே அது முடியும் நாளையும் அறிவிக்கலாம். கடைகள் திறக்கத் தொடங்கியவுடன் பொருளுக்குப் பதில் பற்றுச்சீட்டுக்கு மாறலாம்.

இவற்றுள் எதற்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒரு கூட்டமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

நான்காவதை நான் மாணவர்களுக்குரிய பாடமாகவே செய்து பார்த்தேன். ஆறாம் ஆண்டு மாணவர்களிடம், வீட்டுக்கு அருகிலுள்ள கடைக்குச் சென்று ஏதேனும் ஒரு பொருள் வந்த வழியைக் கேட்டறிந்து கட்டுரையாக எழுதச் சொன்னேன். வெங்காயம் கப்பலில் வருகிறது என்பதே பலருக்கு வியப்பாக இருந்தது. ஒரு மாணவி ரொட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். விடியற்காலையில் ரொட்டி வண்டி வராவிட்டால் தன் தெருவில் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் காலையுணவின்றிப் பள்ளிக்கு வருவார்கள் என்று, வீடு வீடாகப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருந்தாள். நாங்கள் கணினியில் போட்ட அட்டவணையைவிட அது தெளிவாக இருந்தது.

அடுத்த முறை உங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டம் நடக்கும்போது, 'பிற விவகாரங்கள்' என்னும் பகுதியில் இதனைப் பேசுங்கள். மழைக்காலம் வருமுன் பேசினால் நல்லது.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியன்